டோன் இல்லாத ஜோடி

லெலி மாமா முகவரியை வாசித்தபோது ரோமியின் வாயில் பாதி பாஸ்ட்டிஸி இருந்தது. அம்மா விடிகாலையில் எழுந்து சுட்டு, காகிதத்தில் சுற்றிக் கொடுத்தனுப்பியது. மொறுமொறு மாவு மடிப்புக்கு உள்ளே பட்டாணி, இன்னும் சூடு ஆறவில்லை. வேனின் கண்ணாடி முழுக்க இருவரின் மூச்சும் படிந்து மங்கிக் கிடந்தது. வெளியே மோர்வெல் ஊரின் பனிமூட்டத்தில் எதிர்வீட்டுத் தபால்பெட்டிகூடத் தெரியவில்லை. மாமா டேப்லெட்டை ஸ்டியரிங்கின் மேல் சாய்த்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அன்றைய வேலைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஹாப்பர் தெரு, பதினாலு. லைன் சுத்தமா செத்துக் கெடக்குதாம். வியாழக்கிழமை மத்தியானத்துலருந்து."

ரோமி மெல்லுவதை நிறுத்தினாள்.

"செவப்பு போட்டிருக்கான். மொதல்ல இதுக்குத்தான் போகணும்." மாமா விரலால் திரையைத் தள்ளினார். "ஹாப்பர் தெரு... நாம போன வாரம் போனோமே. ஒம்பதாம் நம்பர், அந்தத் தாடிக்காரன் வீடு. வியாழக்கிழமைதானே?"

"ம்."

"என்னடி, பட்டாணியில முள்ளு வந்திருச்சா?"

அவள் விழுங்கினாள்.  சிவப்பு என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே தெரியும். அந்த வீட்டில் உடம்புக்கு முடியாத யாரோ இருக்கிறார்கள், கழுத்தில் ஒரு பட்டன் தொங்குகிறது, அந்தப் பட்டனின் உயிர் இந்தக் கம்பியில் இருக்கிறது என்று அர்த்தம். சிவப்பு வீட்டின் லைனை ஒரு மணி நேரம் நிறுத்துவதென்றால்கூட முன்னாடியே சொல்லிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். ஆனால் அந்தச் சிவப்பு டேப்லெட்டில் மட்டும்தான் தெரியும். தெருவோரத்துக் கேபிள் குழிக்குள் எல்லாக் கம்பியும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

மாமா வேனைக் கிளப்பினார். ரோமி மீதிப் பாஸ்ட்டிஸியைக் காகிதத்தோடு கசக்கிக் கதவுப் பையில் திணித்தாள்.  

வியாழக்கிழமை மழை. ஒன்பதாம் எண் வீட்டின் லைனில் தண்ணீர் இறங்கி, மூன்று நாளாக இணையம் வருவதும் போவதுமாக இருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் முறுக்கிய இரண்டு கம்பி, ஒரு ஜோடி. தெருவின் தடித்த கேபிளுக்குள் அப்படி ஐம்பது ஜோடிகள் ஓடும், வீடுகளோ முப்பதுதான். அந்தக் காலத்தில் போட்டவர்கள் தாராளமாகப் போட்டிருக்கிறார்கள். ஒரு ஜோடி கெட்டுப்போனால் யாருக்கும் இல்லாத இன்னொரு ஜோடியை எடுத்து மாட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். எது யாருக்கும் இல்லாதது என்று கண்டுபிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மாமாவின் இளமைக் காலத்தில் அது சுலபம். டெஸ்ட் போனின் இரண்டு கொக்கிகளையும் கம்பியில் மாட்டிக் காதில் வைத்தால், ஆள் இருக்கும் ஜோடியில் டோன் ரீங்கரிக்கும். இல்லாத ஜோடி ஊமையாக இருக்கும். புது இணையத் திட்டம் வந்த பிறகு வீட்டு போனும் மோடம் வழியாகவே போகிறது. டோன் என்பதே இல்லை. வேலை செய்யும் ஜோடியும் ஊமை, செத்த ஜோடியும் ஊமை. மீட்டர் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஒரு ஜோடிக்கு இரண்டு நிமிடம்.

இதை முதல் நாளே மாமா அவளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார். அதன் பிறகு ஒன்றரை வருஷத்தில், கம்பெனியின் மேற்பார்வையாளர் வந்து நின்ற ஒரு நாளைத் தவிர, அவர் மீட்டரை வெளியே எடுத்து அவள் பார்த்ததில்லை. காதில் வைப்பார், கம்பியை இரண்டு விரலால் உருட்டுவார், இரு கம்பிகளைச் சேர்க்கும் சின்ன இணைப்பு மூடியை நகத்தால் கீறுவார், "இது பொணம்" என்பார். சரியாகத்தான் இருக்கும். நாற்பது வருஷத்தில் இரண்டே தடவைதான் தப்பியிருக்கிறது என்று ஈஸ்டர் விருந்தில் எல்லோர் முன்னாலும் சொல்லிக்கொள்வார்.

அன்றைக்கு மாமாவுக்கு முட்டி வலி. அவர் வேனில் உட்கார்ந்து கட்டுப்பாட்டு அறைக்கு போன் போட்டு, காத்திருப்பு இசையைக் கேட்டுக்கொண்டிருந்தார். குழிக்கு மேல் சின்னக் கூடாரத்தைப் போட்டு, அதற்குள் அவள் மண்டியிட்டிருந்தாள். மணி மூன்றரை தாண்டிவிட்டது. நாலரைக்கு நெட்பால் பயிற்சி, சனிக்கிழமை அரையிறுதி, பயிற்சிக்கு வராதவளை இறக்க மாட்டேன் என்று கோச் சொல்லியிருந்தாள். மீட்டர் வேனின் பின்பக்கம், கேபிள் உருளைக்கு அடியில். போய் எடுக்க மழையில் நனைய வேண்டும். அவள் ஒரு ஜோடியை எடுத்துக் காதில் வைத்தாள். ஊமை. விரலால் உருட்டினாள், மாமாவைப் போலவே. இணைப்பு மூடியைப் பார்த்தாள்.

அந்த மூடிக்குள்ளிருந்த பசை தேனைப் போலத் தெளிவாக இருந்தது. பக்கத்தில் இருந்த மற்றதெல்லாம் பழுத்து மஞ்சளாகிப் போயிருந்தன. இது சமீபத்தில் யாரோ போட்டது. யாரும் செத்த கம்பிக்குப் புது மூடி போட மாட்டார்கள். இது அவளுக்குத் தோன்றியது. தோன்றவில்லை என்று இப்போது தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாலும் பொய்யாகத்தான் இருக்கிறது. தோன்றியது, ஒரு மூச்சு விடும் நேரம் அவள் கை நின்றது, அப்போதுதான் மாமா வேன் கண்ணாடியை இறக்கிக் கத்தினார்.

"கெடச்சுதா?"

"கெடச்சுது."

"மீட்டர் வச்சுப் பாத்தியா?"

ஒன்றரை வருஷத்தில் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டது அன்றைக்குத்தான்.

"வச்சேன்," என்றாள்.

பிறகு வெட்டினாள்.

வேன் ஹாப்பர் தெருவுக்குள் திரும்பியது. மாமா வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. வழக்கமாக முன்னால் போகிற காரையெல்லாம் திட்டிக்கொண்டே வருபவர். குழிக்கு அருகில் நிறுத்தும்போது மட்டும், "வெறும் தண்ணியாத்தான் இருக்கும், வா," என்றார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

ஒன்பதாம் எண் வீட்டிலிருந்து பையனைப் பள்ளிக்கு அனுப்ப வெளியே வந்த தாடிக்காரன், வேனைப் பார்த்ததும் தெருவைக் கடந்து வந்தான்.

"பாஸ், நீங்க வந்து தொட்டதுலருந்து பறக்குது. எம் பொண்டாட்டி உங்க படத்த மாட்டணுங்கறா."

"மாலை போடாம மாட்டச் சொல்லுங்க," என்றார் மாமா.

"பாப்பாதான் வேலை பாத்தது, எனக்குத் தெரியும். மழையில உக்காந்து. இந்த வயசுல எம் பையன் தட்டக்கூடக் கழுவ மாட்டான்." அவன் ரோமியைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். ரோமி சிரிக்க முயன்றாள். முகத்தின் ஒரு பக்கம் மட்டும் அசைந்தது.

பதினாலாம் எண் வீட்டின் வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். அறுபது வயது இருக்கும். ஆண்கள் போடும் பெரிய ஸ்வெட்டர், காலில் வீட்டுச் செருப்பு. தூங்கி எத்தனை நாளோ. தன் பெயர் ஜூலீன் என்றும், இது தன் அம்மா நோலா பெட்டிஃபரின் வீடு என்றும், தான் பக்கத்து ஊர் ட்ராரல்கனில் இருப்பதாகவும் ஒரே மூச்சில் சொன்னாள். மாமா தொப்பியைக் கழற்றினார்.

"அம்மா உள்ள இருக்காங்களா?"

"ஆஸ்பத்திரியில. சனிக்கிழமை காலையில துணி தொவைக்கிற ரூம்ல வழுக்கி விழுந்திருக்கா. இடுப்பு எலும்பு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் நான் வந்து பாக்குற வரைக்கும் அந்த சிமெண்டுத் தரையிலயே கெடந்திருக்கா." அவள் குரல் சீராக இருந்தது, பலருக்குச் சொல்லிச் சொல்லி வழவழப்பாகிவிட்ட குரல். "ராத்திரி ஒரு டிகிரி. பட்டனை அமுக்கியிருக்கா. அமுக்கிக்கிட்டே இருந்திருக்கா. எங்கயும் போகல. வியாழக்கிழமை மூணு நாப்பதுலருந்து இந்த வீட்டுலருந்து சிக்னலே வரலைன்னு அலாரம் கம்பெனிக்காரன் இப்பத்தான் சொல்றான். வாரா வாரம் திங்கக்கிழமைதான் செக் பண்ணுவாங்களாம்."

மூணு நாற்பது. சனிக்கிழமை காலையில் ரோமி பத்தொன்பது கோல் போட்டாள். அணி ஜெயித்தது. எல்லோரும் மீன்கடை வாசலில் நின்று சூடான உருளைக்கிழங்கு வறுவலை ஒரே பொட்டலத்திலிருந்து பிடுங்கித் தின்றார்கள். பொட்டலத்தை அவள் தூக்கிப் பிடித்துச் சிரிக்கும் படம் இன்னும் போனில் இருக்கிறது. அந்த ராத்திரி குளிர் தாங்காமல் இரண்டாவது போர்வையை எடுத்துப் போட்டுக்கொண்டதும் ஞாபகம் இருக்கிறது.

"இனிமே வீட்டுக்கு வருவாங்களா?" மாமா மெதுவாகக் கேட்டார்.

"மாட்டா. கிட்னி போயிருச்சு. ரெண்டு மூணு நாள்ங்கறாங்க."

"அப்ப இந்த லைனு..."

"எனக்கு இது வேலை செய்யணும்," என்றாள் ஜூலீன். "ஏன்னு கேக்காதீங்க. வேலை செய்யறத நான் பாக்கணும்."

மாமா குழி மூடியைக் கொக்கி போட்டுத் தூக்கினார். முட்டி வலியோடு அவரே இறங்கி மண்டியிட்டார். ரோமியை இறங்கச் சொல்லவில்லை. தேங்கிய தண்ணீரை இறைத்துவிட்டு, ஜாயிண்டைத் திறந்து, தலையில் மாட்டிய விளக்கில் பார்த்தார். ரோமி பின்னால் நின்று அவருடைய கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயிலில் வெந்து சுருங்கிய கழுத்து. அது ஓரிடத்தில் அசையாமல் நின்றது. தெளிவான பசை வைத்த மூடிகள் இரண்டு. ஒன்று அன்றைக்கே இருந்தது, இன்னொன்று அவள் வியாழக்கிழமை போட்டது. அதிலிருந்து ஒன்பதாம் எண்ணுக்குப் போகும் கம்பி. பக்கத்தில் வெட்டி விடப்பட்டு, முனை பளபளத்துக்கொண்டு, பதினாலாம் எண்ணுக்குப் போகும் கம்பி. அதை வாசிக்க நாற்பது வருஷ அனுபவம் தேவையில்லை.

"மீட்டர் வச்சேன்னு சொன்ன," என்றார் மாமா. திரும்பவில்லை.

அவள் வெட்டிய முனையையே பார்த்தாள்.

"ரோமி. வச்சேன்னு சொன்னியா இல்லையா?"

"சொன்னேன்."

"வச்சியா?"

தெருவில் பள்ளிப் பேருந்து ஒன்று போயிற்று. அது திருப்பம் தாண்டும் வரை மாமா பொறுத்திருந்தார். பிறகு தலையை ஆட்டினார், பதில் கிடைத்துவிட்டதைப் போல. திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. சின்ன வயதில் அவருடைய காரின் கண்ணாடியைப் பந்தடித்து உடைத்தபோது தெருவே கேட்கக் கத்தியவர் அவர்.

"மீட்டரை எடுத்துட்டு வா," என்றார்.

அவள் கேபிள் உருளையை நகர்த்தி எடுத்தாள். உறையைத் திறந்தபோது திரையின் மேல் கடையில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் அப்படியே இருந்தது. மாமா அதைப் பார்த்தார். உரிக்காமலே வேலையைத் தொடங்கினார். முதல் ஜோடியில் உயிர் இருந்தது. இரண்டாவதிலும். மூன்றாவது ஈரம் ஏறிக் கெட்டுப்போனது. நாலு, ஐந்து, ஆறு, எல்லாவற்றிலும் யாரோ ஒருவரின் வீடு இருந்தது. காதில் வைத்திருந்தால் அத்தனையும் ஊமைதான். ஏழாவது ஜோடி உண்மையிலேயே யாருக்கும் இல்லாதது. பதினாலு நிமிடம். ரோமி தன் போனில் மணி பார்த்தாள். வியாழக்கிழமை பயிற்சிக்கு அவள் கால் மணி நேரம் முன்னாடியே போய்ச் சேர்ந்து, சுவரோரம் உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டி அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"இங்க வா. குனி," என்றார் மாமா. கம்பிகளை அழுத்திக்கொண்டே, உதடு அசையாத குரலில் பேசினார். "தண்ணி. ஜாயிண்ட்ல தண்ணி எறங்கிருச்சு. மழைக்கு இந்தத் தெருவுல பாதி லைன் அப்படித்தான் போகுது. அதத்தான் நான் எழுதப் போறேன். நீ வாயத் தொறக்காத."

"மாமா, அவங்களுக்கு..."

"அவங்களுக்கு என்ன? சொன்னா அந்தம்மா எந்திரிச்சு நடந்துருவாங்களா?" அவர் முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. "வியாழக்கிழமை வேலைத்தாள்ல உன் பேரு எங்கயும் இல்ல. கத்துக்குற புள்ள கையெழுத்துப் போட முடியாது. சோதிச்சுப் பாத்தேன்னு அங்க போட்டிருக்கறது எங் கையெழுத்து. புரியுதா? நீ வாயத் தொறந்தா போறது நீ இல்ல. லைசென்ஸ் போகும், ஒப்பந்தம் போகும், கோர்ட்டுக்கு இழுத்தாலும் இழுப்பாங்க. உங்கப்பன் பவர் ஸ்டேஷன் மூடுனதுலருந்து சோபாவுல உக்காந்திருக்கான். உங்கம்மா என்னத்த நம்பி இருக்கா? நீயே சொல்லு."

"நீங்க கேட்டீங்க. நான்தான் பொய் சொன்னேன்."

"ஆமா. அன்னிக்கு ஒருநாள் கேட்டேன்." அவர் மூக்கைப் புறங்கையால் துடைத்தார். "மத்த நாளெல்லாம் நான் என்ன பண்ணேன்னு நீ பாத்துக்கிட்டுத்தான இருந்த. போ. உள்ள போயி மோடத்தைப் பாரு. பச்சை எரிஞ்சதும் குரல் குடு."

அவள் போனாள். வீட்டுக்குள் கிருமிநாசினி வாடையும் பழைய டோஸ்ட் வாடையும் கலந்து அடித்தன. மோடம் வரவேற்பறை மூலையில். பக்கத்தில் அலாரப் பெட்டி, ஒரு சின்ன ரேடியோ அளவில். அதன் மேல் படம் போட்ட சமையலறைத் துண்டு ஒன்று நாலாக மடித்துப் போடப்பட்டிருந்தது.

"நான் வந்தப்பவே அப்படித்தான் கெடந்துச்சு," என்றாள் ஜூலீன். அவள் கையில் இரண்டு டீ கோப்பைகள். "லைன் போனா இது கத்துமாம். அம்மாவுக்குப் பாதி காது கேக்காது. ஏதோ கத்துதேன்னு துண்டப் போட்டு மூடியிருக்கா. கிளிக் கூண்ட மூடுற மாதிரி." ஒரு கோப்பையை ரோமியிடம் நீட்டினாள். "சக்கரை போட்டுட்டேன் கண்ணு. வெளுத்துப் போயி நிக்கிற. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"எத்தனை வயசு?"

"பதினேழு."

"எங்கம்மா பதினேழுல டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலைக்குச் சேந்தா. இதே ஊருல. கை பரபரன்னு போகுமாம். ஒரே நேரத்துல எட்டு லைன் மாட்டுவாளாம்." ஜூலீன் நாற்காலியின் கைப்பிடியில் உட்கார்ந்தாள். "அவ கட்டைவிரலப் பாக்கணும் நீ. வீங்கி, கறுத்து. பட்டன் வட்டமா அதுல பதிஞ்சிருந்துச்சு. நர்ஸுக்குப் புரியல, கதவுல நசுங்குனதான்னு கேட்டா."

ரோமி கோப்பையை வைக்க இடம் தேடினாள். கிடைக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"வியாழக்கிழமை ராத்திரி நான் போன் பண்ணேன்," என்றாள் ஜூலீன். "எடுக்கல. கிளப்புக்குப் போயிருப்பான்னு விட்டுட்டேன். வெள்ளிக்கிழமை மறந்தே போச்சு. சனிக்கிழமை பேரனுக்குப் பொறந்தநாள். கேக் வெட்டும்போது நெனச்சேன், அம்மாவுக்கு ஒரு போன் போடணும்னு. அப்புறம் பாத்திரம் கழுவப் போயிட்டேன். பாத்திரம் கழுவப் போயிட்டேன் பாரு. எந் தம்பி பெர்த்லருந்து கத்துறான், கால் மணி தூரத்துல இருந்துக்கிட்டு என்ன பண்ணேன்னு. அவன் கேக்குறது நியாயம்தான."

"அது உங்க..." என்று ரோமி தொடங்கினாள். மோடத்தில் பச்சை விளக்கு இரண்டு முறை சிமிட்டி, நின்று எரிந்தது. குரல் கொடுக்க வேண்டும். அவள் கோப்பையைப் பிடித்தபடியே நின்றாள். கொஞ்ச நேரத்தில் மாமாவே வாசலுக்கு வந்துவிட்டார், பூட்ஸைக் கழற்றிவிட்டு, நனைந்த காலுறையோடு.

"வந்துருச்சுங்களா? ஆங், வந்துருச்சு. தண்ணிதாங்க. ஜாயிண்ட்ல தண்ணி எறங்கி அரிச்சிருச்சு. வேற ஜோடியில மாத்தியாச்சு." அவர் தரைவிரிப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "யாரு மேலயும் தப்பு சொல்ல முடியாதுங்க. மழை."

"மழை," என்றாள் ஜூலீன். ஒரு சாமானை எடை பார்ப்பதைப் போல அந்தச் சொல்லைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். "அப்ப நான் வியாழக்கிழமையே வந்து பாத்திருந்தா, போன் செத்துக் கெடக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும். வெள்ளிக்கிழமையே நீங்க வந்து சரி பண்ணியிருப்பீங்க."

மாமா ஈரக் காலை மாற்றி வைத்தார்.

"அவ்வளவுதான் இல்லையா? ஒரே ஒரு தடவை வந்திருந்தா போதும்."

"அப்படியெல்லாம் நெனைக்கக் கூடாதுங்க," என்றார் மாமா. தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தார். ரோமி அவரைப் பார்த்தாள். எட்டு வயதில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு சாமி ஊர்வலத்தில் நடந்த மனிதர். இப்போது ஒரு பெண்ணின் தரைவிரிப்பில் ஈரக் காலோடு நின்று, அவளே தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு, தடுக்காமல் நிற்கிறார். எனக்காகத்தான் நிற்கிறார் என்று ரோமிக்குத் தெரிந்தது. அது தெரிந்ததுதான் இன்னும் தாங்கவில்லை.

"அலாரத்தை ஒரு தடவை சோதிச்சுட்டாப் போதும். நான் தாளை முடிச்சுட்டுக் கெளம்பிருவேன்," என்றார் மாமா.

ஜூலீன் உள்ளே போய் ஆஸ்பத்திரியின் பிளாஸ்டிக் பை ஒன்றோடு வந்தாள். அதற்குள் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்த ஒரு நைட்டி, ஒரு ஜோடி காலுறை, பல் செட், நீலக் கயிற்றில் கோத்த பட்டன். கயிற்றையும் வெட்டித்தான் எடுத்திருந்தார்கள். அவள் பையை விரித்து ரோமியிடம் நீட்டினாள்.

"நீ அமுக்கு கண்ணு. என்னால அதத் தொட முடியல."

ரோமி மாமாவைப் பார்த்தாள். மாமா கண்ணால், அமுக்கு, அமுக்கிட்டு வா என்றார். அவள் பட்டனை வெளியே எடுத்தாள். வெண்மையான பிளாஸ்டிக், நடுவில் ஒரு பள்ளம். தன் கட்டைவிரலை அதில் வைத்தாள். அது சரியாகப் பொருந்தியது. நினைத்ததைவிட அழுத்தமாக அமுக்க வேண்டியிருந்தது.

மூலையிலிருந்த பெட்டி விழித்துக்கொண்டது. ஜூலீன் போய் அதன் மேலிருந்த துண்டை எடுத்தாள். ஒரு சிவப்பு விளக்கு. எண்களைச் சுழற்றும் சத்தம். பிறகு மணி அடிக்கும் ஓசை, ஒன்று, இரண்டு, மூன்று. ஹாப்பர் தெருக் குழியைத் தாண்டி, தெருமுனைப் பெட்டியைத் தாண்டி, எங்கோ ஒரு ஊரின் எங்கோ ஒரு மேசையில் அது கேட்டது. நாலாவது மணிக்கு ஒரு பெண் குரல் அறை முழுவதும் நிறைந்தது. பாதிக் காது கேட்காதவர்களுக்காகச் சத்தமாக வைக்கப்பட்டிருந்த குரல்.

"நோலா, வணக்கம்மா. நான் கண்காணிப்பு மையத்துலருந்து பேசுறேன். இந்த அழைப்பு பதிவாகும். நல்லா இருக்கீங்களா?"

ஜூலீன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"நோலா? நான் பேசுறது கேக்குதா?"

டெக்னீஷியன், சோதனை அழைப்பு, நன்றி. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். நூறு வீடுகளில் சொல்லியிருக்கிறாள். மாமா ஒரு எட்டு முன்னால் வந்தார். அவருடைய உதடு அந்தச் சொற்களை ஓசையில்லாமல் அவளுக்கு எடுத்துக் கொடுத்தது.

"பதில் சொல்ல முடியலேன்னா பரவால்ல நோலா. பயப்படாதீங்க. ஆம்புலன்ஸுக்குச் சொல்றேன். அவங்க வர்ற வரைக்கும் நான் லைன்லயே இருக்கேன். எங்கயும் போக மாட்டேன்."

ஜூலீனின் முதுகு குலுங்கத் தொடங்கியது. அந்தப் பெரிய ஸ்வெட்டருக்குள் அது மிகச் சின்ன முதுகாக இருந்தது.

"நோலா இல்ல," என்றாள் ரோமி.  "அனுப்ப வேண்டாம். அவங்க இங்க இல்ல. என் பேரு ரொமீனா."

"சரி ரொமீனா. நீங்க யாரு? அங்க என்ன ஆச்சுன்னு சொல்ல முடியுமா?"

மாமா கையை நீட்டினார். விரலெல்லாம் கம்பிப் பசை, நகக்கண்ணில் ஹாப்பர் தெருவின் கறுப்புச் சேறு. அந்தக் கை அவளுடைய தோளுக்கும் பெட்டிக்கும் நடுவில், எதைத் தொடுவதென்று தெரியாமல் நின்றது.

"வியாழக்கிழமை," என்றாள் ரோமி.  மறுபடி சொன்னாள். "வியாழக்கிழமை மூணு நாப்பதுக்கு."

ஜூலீன் சுவரிலிருந்து திரும்பினாள்.

"சொல்லுங்க," என்றது பெட்டி. "லைன் தெளிவா இருக்கு. கேட்டுக்கிட்டிருக்கேன்."